தளக்கல்லுக்கு முன்னர் கான்: மஸ்கெலியாவில் ஓர் இலக்கிய மரபு மையத்துக்கான நிலத்தளமும் பசுமையும்

இலக்கிய மரபு மையம் ஒன்றைத் திட்டமிடுவோர் கட்டடத்தையும் காட்சிப்பொருள்களையும் நூலகத்தையும் பற்றி முதலில் பேசுகின்றனர். வாசலில் எந்தக் கல்லைப் பதிப்பது, சரிவில் எதை நடுவது, மழைநீரை எந்தப் பக்கம் திருப்புவது என்ற கேள்விகள் பணம் தீரும் தறுவாயில் எழுந்து, பெரும்பாலும் ஒப்பந்தகாரரின் கையிருப்புக்கு ஏற்ப முடிவாகின்றன. சமதரையில் உள்ள நகரமொன்றில் இந்தத் தாமதம் அழகுக் குறையோடு முடிந்துவிடக்கூடும். மஸ்கெலியாவில் அப்படி முடியாது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில், மவுசாக்கலை நீர்த்தேக்கத்தை நோக்கிச் சரியும் தேயிலை மலைகளில், தென்மேல் பருவக்காற்றை முகத்துக்கு நேரே வாங்கும் ஓரிடத்தில், நிலத்தின் மேற்பரப்பை மாற்றும் ஒவ்வொரு முடிவும் கீழே இருப்பவரின் வீட்டுச் சுவரைப் பற்றிய முடிவாகவும் ஆகிவிடுகிறது. மலையக இலக்கியத்துக்கென ஒரு மையம் இந்த மலைப்பகுதியில் எழுமானால் அதன் நிலத்தளமும் பசுமையும் எவ்வாறு தெரிவு செய்யப்பட வேண்டும் என்பதை, ஏற்கெனவே உள்ள முன்மாதிரிகளையும் மலையின் நீரியலையும் தோட்டத்து மக்களின் நிலப் பழக்கங்களையும் சேர்த்துப் பார்த்தே கூற முடியும்.

மலையக இலக்கியத்துக்கு ஒரு தனியிடம் தேவை என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. கோப்பியை அழித்த இலைத்துரு நோய் இலங்கையில் இனங்காணப்பட்ட அதே 1869 ஆம் ஆண்டில் ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ வெளிவந்தது. அதன் பின்னர் கோதண்டராம நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மையும் எழுதியும் பாடியும் தோட்டங்களில் அரசியல் உணர்வை வளர்த்தனர். மடக்கும்புர தோட்டத்தில் 1914 இல் பிறந்து 1947 இல் நாடாளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியதோடு தோட்டத்து நாட்டார் பாடல்களையும் தொகுத்தார், என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’, தெளிவத்தை ஜோசப்பின் ‘நாமிருக்கும் நாடே’ ஆகிய தொகுதிகள் மலையகச் சிறுகதைக்கு ஒரு தரத்தை நிறுவின. இவ்வளவும் எழுத்து மரபு. எழுதப்படாமலே வாழ்ந்த மரபு இதனினும் பெரிது: கொழுந்து மலையில் பாடப்பட்ட பாடல்கள், ஒப்பாரி, தப்பிசையோடு விடியவிடிய ஆடப்படும் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு. இந்த இரண்டாவது மரபுக்கு மேசையும் அலுமாரியும் போதா. அதற்கு நிலம் வேண்டும். மையத்தின் வெளிப்புறத்தைக் கட்டடத்தின் ஓரத்து அலங்காரமாக எண்ணும் வழக்கம் இங்கே பிழைபடுவது அதனால்தான்.

இலங்கையிலேயே இரு முன்மாதிரிகள் உள்ளன. கம்பளைப் பக்கத்தில், பீக்கொக் தோட்டத்தில், நூறாண்டைக் கடந்த லயம் ஒன்றை அப்படியே பேணி, சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007 இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தை அமைத்தது. லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த தொழிலாளர் குடியிருப்பு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான காம்பிரா என்னும் அறையும் அதன் முன்னால் இஸ்தோப்பு எனப்படும் சிறு திண்ணையும் ஒரு குடும்பத்துக்குரிய இடமாகக் கணக்கிடப்பட்டன. தொழிலாளரின் வரலாற்றைச் சொல்லப் புதுக் கட்டடம் எழுப்பாமல் அவர்கள் வாழ்ந்த லயத்தையே எடுத்துக்கொண்டமை இந்த முயற்சியின் வலிமை. மற்றையது தென்கரையில் கொக்கலையில் உள்ளது. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் (1890–1976) பிறந்த வீட்டைச் சுற்றி அமைந்து, நாட்டார் கலை அருங்காட்சியகத்தோடு 1981 இல் திறக்கப்பட்ட அவ்வளாகத்தில் வீடு மரங்களுக்கிடையே நிற்கிறது. அவருடைய புனைவுலகின் கிராமத்தைப் பார்வையாளர் முதலில் நிழலாகவும் மணலாகவும் உணர்ந்த பிறகே காட்சிக்கூடத்துக்குள் நுழைகின்றனர். கடலோர மணல் நீரை உடனே உறிஞ்சிவிடும் என்பதால் அங்கே தளம் பற்றிய சிக்கல் குறைவு. கொக்கலையின் தீர்வை மலைக்கு எடுத்துவர முடியாது; சுற்றுப்புறம்தான் முதல் காட்சிப்பொருள் என்ற அதன் எண்ணத்தை எடுத்துவரலாம். வட அயர்லாந்தின் பெலாகி என்னும் சிற்றூரில் கவிஞர் சேமஸ் ஹீனிக்காக 2016 இல் திறக்கப்பட்ட மையம், அரண் போட்ட பொலிஸ் நிலையம் ஒன்று இருந்த காணியிலேயே எழுந்தது. அதிகாரம் நின்ற நிலத்தைக் கவிதை எடுத்துக்கொண்ட அந்த எடுத்துக்காட்டு, தோட்டக் காணியில் எந்தத் துண்டைத் தெரிவு செய்வது என்று யோசிப்போருக்குப் பொருளுடையது.

தோட்டத்தின் நிலவமைப்பே ஓர் அதிகார வரைபடம் என்பதை நிலத்தோற்றத்தைத் திட்டமிடுபவர் முதலில் வாசித்துக்கொள்ள வேண்டும். மேட்டில் துரை எனப்படும் தோட்ட அதிகாரியின் பங்களா. அதைச் சுற்றிக் கத்தரித்த புற்றரை, ரோசாப் பாத்திகள், சல்லி பரப்பிய வண்டிப்பாதை. அதற்குக் கீழே தொழிற்சாலை, காரியாலயம், தொழிலாளர் காலையில் திரளும் பிரட்டுக்களம். அதற்கும் அப்பால் மேட்டு லயமும் பணிய லயமும். இன்று மலையகத்தில் எழும் விடுதிகளும் தேநீர்ச் சாலைகளும் தம் முற்றத்துக்குப் பங்களாவின் புற்றரையையே நகலெடுக்கின்றன. அதைப் பார்ப்பவரின் கண்ணுக்கு மலைநாட்டு அழகு என்றால் அதுவாகவே பதிந்துவிட்டது. இலக்கிய மையமும் அவ்வழியே சென்றால், உள்ளே தொழிலாளியின் பாடலை வைத்துவிட்டு வெளியே துரையின் முற்றத்தைக் காட்டும் முரண் உருவாகும். புற்றரைக்கு வாரந்தோறும் வெட்டும் ஆளும் உரமும் வேண்டும் என்பது அதற்கு எதிரான சிறிய காரணம். அது யாருடைய பார்வையில் மலையை நிறுத்துகிறது என்பதே பெரிய காரணம். லயத்தின் வாசல் வேறு இலக்கணம் உடையது. இஸ்தோப்புக்கு வெளியே இறுகிய மண், அதன் விளிம்பில் கல் அடுக்கிய கான், கானைக் கடக்க ஒரு பலகைக்கல், அப்பால் போஞ்சியும் கோவாவும் வளரும் மரக்கறிப் பாத்தி, மூலையில் ஒரு செவ்வந்திச் செடி. மையத்தின் நிலத்தோற்றம் இந்த ஒழுங்கிலிருந்து தொடங்குவதே முறை.

கான் என்பது மழைநீரை வழிநடத்த வெட்டப்படும் வடிகால். தேயிலை மலையில் கான் வெட்டுதல் தனிப் பயிற்சி வேண்டும் வேலை. சரிவுக்குக் குறுக்கே, சமவுயரக் கோட்டை ஒட்டி, மிகச் சிறிய சாய்வோடு பக்கக் கான்கள் வெட்டப்பட்டு, அவை மலையிறக்கத்தில் செல்லும் பெரிய கானில் அல்லது இயற்கை ஓடையில் சேர்க்கப்படுகின்றன. ஓடும் நீரின் வேகத்தைத் தணித்து மண்ணைப் பிடிக்கக் கானுக்குள்ளேயே இடையிடையே குழியும் வரம்பும் விடப்படும். தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து இந்த அறிவு தொழிலாளர் கைகளில் இருந்துவருகிறது. இலக்கிய மையமொன்றின் பொறியியல் வரைபடத்துக்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் கிடைக்காது. கணக்கும் அதையே வலியுறுத்துகிறது. ஆயிரம் சதுர மீற்றர் முற்றத்தைக் கொங்கிரீட்டால் மூடினால், 50 மில்லிமீற்றர் மழை பெய்யும் ஒரு நாளில் அந்த முற்றம் மட்டும் 50,000 லீற்றர் நீரை வாங்குகிறது, அதில் பெரும்பகுதி உடனே சரிவில் இறங்கத் தேடும். ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் ஈரவலயத்தில் இப்படியான நாள் அரியதன்று.

நகரத் திட்டமிடலில் இன்று பெரிதும் விரும்பப்படும் ஒரு தீர்வை இங்கே எச்சரிக்கையோடு அணுக வேண்டியிருக்கிறது. நீர் ஊடுருவும் தளம், அதாவது கற்களின் இடைவெளி வழியே மழைநீரை அடியிலுள்ள சல்லிப் படைக்கும் மண்ணுக்கும் அனுப்பும் தளம், வெள்ளத்தைக் குறைத்து நிலத்தடி நீரைப் பெருக்குவதால் சமதரையில் நன்மை தரும். செங்குத்தாக வெட்டப்பட்ட மண்சரிவுக்கு மேலே அதே தளம் தீமை செய்யலாம். மண்ணின் துளைகளில் நீர் நிறைந்து அழுத்தம் கூடும்போது துகள்களுக்கிடையிலான பிடிப்புக் குறைகிறது, சரிவு நழுவுகிறது. கொஸ்லந்தை மீரியபெத்தை லயங்களை 2014 ஒக்டோபர் 29 அன்று மண்சரிவு புதைத்த பிறகு, இதை ஏட்டுப் பொறியியல் என்று மலையகத்தில் எவரும் ஒதுக்க முடியாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயங்களை வரைபடமாக்கியுள்ளது. காணி தெரிவாகுமுன் அந்த வரைபடம் மேசைக்கு வர வேண்டும். சரிவின் தலைப்பகுதியில் நீர்புகாத தளமும் அதன் நீர் முழுவதையும் ஏந்தும் கல் கானும், சரிவு மெலியும் இடங்களில் மட்டும் நீர் ஊடுருவும் தளமும் என்று ஒரே காணியையே பிரித்துப் பார்ப்பது அவசியம். தாங்கு சுவர்களும் இவ்வாறே. பழைய தோட்டச் சுவர்கள் சாந்தில்லாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கப்பட்டதால் பின்னாலுள்ள நீர் இடுக்குகளில் கசிந்து வெளியேறியது. அவற்றைப் ‘பலப்படுத்துவதாக’ எண்ணிச் சீமெந்து பூசி அடைப்பவர், கசிவுத் துளைகளை விடத் தவறினால், சுவரின் முதுகில் ஒரு குளத்தைக் கட்டிவைக்கிறார்.

கல்லைத் தெரிவு செய்வதில் மஸ்கெலியாவுக்கு வாய்ப்பு உண்டு. மத்திய மலைநாட்டின் அடித்தளம் மிகப் பழைமையான உருமாறிய பாறைகளால் ஆனது. சார்னொக்கைற்று எனப்படும் கரும்பச்சை நிறப் பாறையும் வரிவரியான நைசுப் பாறையும் மக்கள் வழக்கில் ஒரே சொல்லாகக் கருங்கல் எனப்படுகின்றன. இவை கடினமானவை, நீரை மிகக் குறைவாக உறிஞ்சுபவை, தேய்மானம் தாங்குபவை. செந்நிறக் கார்னெற் மணிகள் நிறைந்த சிலவகைப் பாறைகள் மழையில் துருநிறம் கசியவிடும். அவற்றைச் சுவருக்கு ஒதுக்கலாம். கல்லின் கடினம் பற்றிய கவலையைவிட அதன் முகம் பற்றிய கவலை இங்கே முக்கியமானது. மினுக்கிய கருங்கல் பலகைகளை மணிமண்டபங்களுக்குரிய கண்ணியமாகக் கருதும் வழக்கம் தமிழுலகில் வேரூன்றியிருக்கிறது. வெயில் காயும் ஊரில் அது உள்ளங்காலைச் சுடும், மழை நிற்காத ஊரில் ஆளையே வழுக்கிவிடும். பாசி படரும் நிழல் பக்கத்தில் உளியால் கொத்திய அல்லது தீநாக்கால் சொரசொரப்பாக்கிய முகமே பொருந்தும். ஈரத்தில் வழுக்கும் தன்மையை ஊசல் கருவியால் அளக்கும் முறையில் 36 அல்லது அதற்கு மேல் பெறும் தளம் ஆபத்துக் குறைந்ததாகக் கொள்ளப்படுகிறது. கல் வாங்குமுன் மாதிரிப் பலகைகளை ஒரு மழைக்காலம் முழுவதும் அதே காணியில் கிடத்தி, பாசி ஏறிய பின் அளப்பது விலைப்பட்டியலைப் படிப்பதைவிடப் பயன் தரும்.

இன்ரர்லொக் கல் என்று அழைக்கப்படும் கொங்கிரீட் பதிகற்களை முற்றாகத் தள்ளிவிட வேண்டியதில்லை. நடப்பதற்கு 60 மில்லிமீற்றரும் வாகனத்துக்கு 80 மில்லிமீற்றரும் தடிப்புள்ள கற்கள் வழக்கமானவை. உடைந்த கல்லை மட்டும் பெயர்த்து மாற்றலாம், அடியில் குழாய் பழுதானால் கழற்றி மீண்டும் பதிக்கலாம். ஆனால் அவை மணற்படுக்கையில் கிடப்பவை. சரிவில் மணல் அரிபட்டு நழுவும்; ஓரங்களில் உறுதியான விளிம்புக் கல்லும், இறக்கத்தில் குறிப்பிட்ட தூரத்துக்கொன்றாகக் குறுக்குக் கொங்கிரீட் வரம்பும், மீன்முள் போன்ற பின்னல் அடுக்கும் இல்லாவிட்டால் சில மழைக்காலங்களில் முற்றமே கீழ்நோக்கி ஊர்ந்துவிடும். எனவே பேருந்து நிற்கும் சமதரைக்குப் பதிகல், நடைபாதைக்கும் படிக்கும் கருங்கல் என்று பிரிப்பது செலவையும் நியாயத்தையும் ஒருங்கே காக்கும். பேருந்து நிற்கும் இடம் சிறிதாக இருக்க முடியாது. டிசம்பர்ப் பூரணை தொடக்கம் மே மாத வெசாக் வரை நீளும் சிவனொளிபாதமலைப் பருவத்தில் நல்லதண்ணிக்குச் செல்வோர் மஸ்கெலியா வழியாகவே போகின்றனர். அந்த ஆறு மாதத்தில் வரும் கூட்டமே மையத்தின் பெருங்கூட்டமாகவும் இருக்கும்.

இந்தப் பருவ ஒழுங்குதான் மிகச் சர்ச்சைக்குரிய முடிவு ஒன்றைச் சாத்தியமாக்குகிறது: மையத்தின் நடுவே ஒரு திடலைத் தளமே போடாமல் மண்ணாக விடுவது. காமன் கூத்து மாசி மாத அமாவாசையை ஒட்டித் தொடங்கி இரு வாரமளவில் நடைபெறுவது. அதற்கென ஒதுக்கப்பட்ட வெளியைத் தோட்டத்து மக்கள் காமன் பொட்டல் என்கின்றனர். அங்கே காமன் கம்பம் ஊன்றப்படும், தீப்பந்தங்கள் ஏந்தப்படும், இறுதியில் காமன் எரிக்கப்பட்டுப் பின் உயிர்ப்பிக்கப்படுவான். கம்பம் ஊன்றக் கல்தளத்தில் இடமில்லை. தீ பட்டால் கருங்கல்லின் மேற்பரப்பு செதில் செதிலாகப் பெயரும், கொங்கிரீட் வெடிக்கும். மண்ணுக்கு எதுவும் நேராது. கூத்து நடக்கும் மாசி மாதம் மழை குறைந்த காலத்தில் வருவதால் திடல் அப்போது உலர்ந்திருக்கும்; மே மாதம் மழை இறங்கும்போது வருகையாளரும் குறைந்திருப்பர், திடல் தானாக முளைக்கும் புல்லோடு ஓய்வெடுக்கலாம். சுற்றிலும் கல் கான், சற்றே மேடான நடு, களிமண்ணும் கிரவலும் கலந்து திமிசால் இறுக்கிய மேற்படை — இவ்வளவே அதற்கு வேண்டிய பொறியியல். சேறு என்று முறையிடுவோர் இருப்பர். அவர்களுக்கு ஓரத்துக் கல்பாதை போதும். நிகழ்த்துகலையை உள்ளரங்க மேடைக்கு மாற்றிவிட்டு அதன் புகைப்படத்தைச் சுவரில் மாட்டும் மையங்கள் போதுமான அளவு உள்ளன.

பிரட்டுக்களத்தின் நிலை வேறு. விடியற்காலையில் தொழிலாளர் திரண்டு பேர் பதிந்து வேலை வாங்கிச் சென்ற அந்த இடம் அனைவரும் ஒருசேரக் கூடும் இடமாதலால் வாயில் முற்றத்துக்குப் பொருத்தமான நினைவு. அங்கே கொத்திய கருங்கல் பரவட்டும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் சாயலில் நாற்புறமும் திறந்த கூரையொன்று மழைக்கு ஒதுங்க உதவும். முதியவரும் சக்கர நாற்காலியில் வருவோரும் நுழையும் வழியை இந்த முற்றத்திலிருந்தே வகுக்க வேண்டும். சாய்பாதையின் ஏற்றம் பன்னிரண்டுக்கு ஒன்றைத் தாண்டலாகாது என்ற பரவலான விதியின்படி, இரண்டு மட்டங்களுக்கிடையே 3 மீற்றர் உயர வேறுபாடு இருந்தால் 36 மீற்றர் நீளமும் இடையிடையே இளைப்பாறும் சமதளங்களும் தேவை. மலையில் இவ்வளவு நீளத்துக்கு இடம் எங்கே என்ற கேள்விக்குத் தேயிலை மலையின் நடைபாதைகளே விடை தருகின்றன. அவை செங்குத்தாக ஏறாமல் சரிவின் குறுக்கே நீண்டு மெல்ல உயர்கின்றன. கூடை சுமந்து நடந்த பெண்களின் தடத்தைச் சற்று அகலமாக்கிக் கைப்பிடி சேர்த்தால் சாய்பாதை ஆகிவிடும். படிகள் வேண்டிய இடத்தில் ஒவ்வொரு படியும் ஒரே உயரமாக இருப்பது அவசியம். சிவனொளிபாதமலையில் இறங்கியவருக்கு அதன் காரணத்தை விளக்கத் தேவையில்லை.

நடுகையில், உள்ளூர்த் தாவரம் மட்டுமே என்ற தூய்மைக் கொள்கை இங்கே கதையையே அழித்துவிடும். 1867 இல் லூல்கந்துரவில் வணிகப் பயிராகத் தொடங்கிய தேயிலை வெளியிலிருந்து வந்தது. சவுக்கு என்று தோட்டத்தார் அழைக்கும் கிரவிலியா அவுஸ்திரேலிய மரம். 1861 இல் ஹக்கல பூங்கா நிறுவப்பட்டதே தென் அமெரிக்கச் சின்கோனாவுக்காக. வந்தேறிய செடிகளும் தமிழகக் கிராமங்களிலிருந்து நடந்து வந்த மனிதரும் சேர்ந்தே இந்த நிலத்தை ஆக்கினர். ஆகவே மையத்தின் சரிவில் தேயிலை நிற்க வேண்டும், அதுவும் அலங்கார வேலியாக வேண்டாம்: தவறணை எனப்படும் நாற்றங்காலில் கன்றாக ஒரு பாத்தி, இடுப்பளவில் கொழுந்து பறிக்கும் நிரை, கவ்வாத்து வெட்டிய கட்டைகளாக ஒரு நிரை, எவரும் வெட்டாமல் மரமாகவே உயர்ந்துவிட்ட இரண்டு மூன்று. தேயிலை ஒரு மரம், ஓயாத உழைப்பினால்தான் புதராக நிற்கிறது என்பதை இந்த நான்கும் விளக்கப் பலகை இல்லாமலே கூறிவிடும். நிழலுக்கு முள்முருங்கை, சரிவின் விளிம்பில் மண்ணைப் பிடிக்க வெட்டிவேரும் மாணாப் புல்லும். காட்டோரத்தில் மட்டும் கட்டுப்பாடு இறுக்கமாக வேண்டும், ஏனெனில் 2010 இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியான சிவனொளிபாதமலை வனம் அண்மையில் உள்ளது. உண்ணிச்செடி போன்று பரவி ஆக்கிரமிக்கும் பூச்செடிகளை அழகுக்காகக்கூட நடலாகாது. கல் இடுக்கில் முளைக்கும் களையைக் கையால் பிடுங்குவதே நல்லது. 2015 இல் தடைசெய்யப்பட்டு, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்ட கிளைபோசேற் போன்ற களைகொல்லிகள் முற்றத்திலிருந்து கழுவப்பட்டால் சென்று சேருமிடம் கீழேயுள்ள நீர்த்தேக்கம்.

அந்த நீர்த்தேக்கமே மையத்தின் பெரிய காட்சி. 1969 இல் மவுசாக்கலை அணை நிறைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போயிற்று; நீர் வற்றும் வறட்சிக் காலங்களில் கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்கள் வெளித்தெரிகின்றன. அக்கற்களை எடுத்துவந்து முற்றத்தில் பதிக்கலாம் என்ற யோசனை எவருக்கும் தோன்றக்கூடியதே, ஆனால் அது ஏற்கத்தக்கதன்று: வழிபாட்டிடத்துக் கல்லைக் காலடியில் போடுவது மூன்று சமயத்தாருக்கும் ஒவ்வாது, அவை கிடக்கும் இடத்திலேயே கிடப்பதுதான் அவற்றின் சான்று. மையம் செய்ய வேண்டியது அந்தத் திசையை மறைக்காமல் விடுவது மட்டுமே. உயர்ந்து வளரும் மரங்களை அப்பக்கம் நடாதிருந்தால் போதும்.

கவிதை வரிகளைத் தளக்கல்லில் பொறிக்கும் உலகப் பழக்கமும், மதிப்புக்குரியதைக் காலடியில் போடலாகாது என்ற இதே காரணத்தால் இங்கே பொருந்தாது. எழுதிய தாள் காலில் பட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் மக்களைத் தம் கவிஞரின் எழுத்தின் மேல் நடக்கச் சொல்வது அநாகரிகம். பாசி ஏறினால் எழுத்தும் தெரியாது. தாங்கு சுவர்களின் முகத்தில், கானோரத் திண்ணையில் அமர்ந்தவரின் கண்மட்டத்தில், வரிகள் இருக்கட்டும். நன்கொடையாளர் பெயரைத் தரையில் பொறிக்கத் தடையேதும் இல்லை. அடியார் பாதம் படட்டும் என்று கோயில் படிக்கற்களில் தம் பெயரை வெட்டுவித்த பழைய வழக்கம் தமிழருக்கு உண்டு.

செலவுத் திட்டத்தில் மாற வேண்டியது வரிசை. வழக்கமாகக் கட்டடம், தளம், நடுகை, கடைசியில் வடிகால் என்று போகும் பணம், கான், தாங்கு சுவர், சரிவு நடுகை, பிறகு தளம் என்று திரும்ப வேண்டும். கான் வெட்டவும் கல் அடுக்கவும் தெரிந்தவர்கள் அதே தோட்டங்களில் இருக்கின்றனர்; அவர்களின் கூலி ஒப்பந்தத்தில் தனி இனமாக எழுதப்படவும், ஆண்டுதோறும் கான் தூர்வாரும் வேலைக்குப் பராமரிப்பு நிதியில் நிலையான பங்கு ஒதுக்கப்படவும் வேண்டும். மண் வேலைக்கு ஏற்ற காலம் தை முதல் பங்குனி வரை. அதற்குள் கான்கள் ஓடையோடு இணைக்கப்படாவிட்டால், தளக்கற்களை அடுக்கியபடியே மூடிவைத்து அடுத்த ஆண்டு வரை காத்திருப்பதே சரியான பொறியியல் முடிவாகும்.